உங்கட இரண்டாவது, எங்கட இரண்டாவது

ஒரு மனிதனுக்கு எத்தனை ஸ்பார்க் பிளக் தேவைப்படும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மட்டக்களப்புச் சந்தைக்குப் பின்னால் கச்சி முகம்மது நானாவின் படகுச் சாமான் கடையில் வியாபாரத்துக்கு நிற்பவள் நான். வலை, மிதப்பு, கயிறு, எஞ்சின் ஒயில் எல்லாம் என் கையால்தான் போகும். அதனால், வாகரையிலிருந்து ஹெக்டர் என்ற எஞ்சின் மெக்கானிக் கிழமைக்கொரு தடவை பஸ் ஏறி வந்து ஒரேயொரு பிளக் வாங்கிக்கொண்டு போகத் தொடங்கியபோது, பழுது எஞ்சினில் இல்லை, ஆளில்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

நானாவுக்கும் விளங்கிவிட்டது. "தங்கச்சி மேர்லின், வாகரைக் கடல் முழுக்க பிளக்கால நிரம்பப் போகுது" என்றார்.

"நீங்க உங்கட வேலையைப் பாருங்க நானா" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது ஊரறிந்த விசயம்.

என் கணவர் காலமாகி வருடங்கள் ஓடிவிட்டன. பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த கோயிலில் ஆராதனை, அதன்பிறகு ஓய்வுநாள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளும் பாட்டும், மற்ற நாட்களில் கடை. இதுதான் என் சீவியம். ஹெக்டர் கத்தோலிக்கர். சுனாமியில் மனைவி ரெஜினாவைப் பறிகொடுத்தவர். அன்றைக்கு மகள் டினுஷாவுக்குக் காய்ச்சல் என்று டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்ததால் தகப்பனும் பிள்ளையும் தப்பினார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே தடவைதான் சொன்னார். நானும் துருவிக் கேட்கவில்லை.

ஹெக்டர் அதிகம் பேசமாட்டார். ஆரையும் திட்டுவதென்றாலும் வேதத்தைக் கலந்துதான் திட்டுவார். ஒருநாள், தன்னிடம் வேலை செய்த பத்திநாதனை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"ஏழாம் கட்டளையை மீறிட்டான், மேர்லின். வேற என்ன செய்யிற?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகு அந்தப் பத்திநாதன் கடைக்கு வந்தால் நான் முகம் கொடுப்பதில்லை. மிச்சக் காசைக்கூடக் கையில் கொடுக்காமல் மேசையில் வைப்பேன். நாலு பிள்ளைகளின் தகப்பனுக்கு இந்த வயதில் என்ன கேடு என்று மனதுக்குள் வைவேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போவார். குற்றமுள்ள நெஞ்சுதானே, குனியட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மாரி தொடங்குவதற்கு முந்திய ஒரு பின்னேரம், வாவிக்கரை மர வாங்கில் இருந்துகொண்டு ஹெக்டர் என்னைக் கலியாணத்துக்குக் கேட்டார். கொஞ்சத் தூரத்தில் ஒரு தோணிக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். ஹெக்டர் அவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆண்டவர் அறியச் சொல்றன், மேர்லின். உங்கள நான் ஒருநாளும் கைவிடமாட்டன். என்ட மனசில இப்ப வேற ஆரும் இல்ல."

"யோசிச்சுச் சொல்றன்" என்றேன். பொய். எப்போதோ யோசித்து முடித்திருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவள் இப்படிச் சந்தோசப்படலாமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சந்தோசப்பட்டேன்.

அடுத்த கிழமை வீட்டைப் பார்க்க வரச் சொன்னார். புதுச் சேலை கட்டிக்கொண்டு வாகரைக்குப் போனேன். பக்கத்து வளவில் குடியிருக்கும் டினுஷா நண்டுக் கறி வைத்து அனுப்பியிருந்தாள். வாசம் வேலிப் படலை வரைக்கும் வந்தது. ஹெக்டர் என்னைக் கதிரையில் இருக்கக்கூட விடவில்லை.

"வாங்க. முதல்ல இவரைக் காட்டுறன்."

சுவரில் ஒரு தட்டு. அதில் முழ உயரத்தில் சாந்தில் செய்த அந்தோனியார் சுரூபம். இடுப்புக்குக் கீழே சாயம் போய் வெளுத்திருந்தது. அவர் கையில் இருந்த குழந்தை யேசுவுக்கு ஒரு கை இல்லை. தட்டுக்குப் பக்கத்தில் ரெஜினாவின் படம் மாட்டியிருந்தது. ஹெக்டர் மெழுகுதிரியைக் கொளுத்தினார். சுரூபத்தின் காலைத் தொட்டு விரலை முத்தமிட்டார். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பெரியவருக்கு அறிமுகப்படுத்துவதுபோல, "வணக்கம் அந்தோனியார். மேர்லின் வந்திருக்கா" என்றார்.

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. என்னை ஒரு சுரூபத்துக்கு அறிமுகம் செய்கிறார். செய்யாதே, வணங்காதே என்று நான் ஞாயிறு தவறாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே சுரூபம். எங்கள் வேதத்தில் விலக்கி வைத்த சுரூபம் என்ற சொல்லை இவர்கள் வாய்நிறையப் பக்தியோடு சொல்கிறார்களே என்று எனக்கு எப்போதுமே ஒரு எரிச்சல் உண்டு. அந்த நேரம் கட்டளையின் இலக்கத்தைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

"ஹெக்டர், நீங்க இரண்டாம் கட்டளையை மீறுறீங்க."

அவர் கையிலிருந்த தீக்குச்சி எரிந்து விரலைத் தொட்டது. "நான் மீறுறனா?"

"பின்ன ஆர்? தெரிஞ்சுகொண்டு மீறுறீங்க. இப்ப என்ட கண்ணால பாத்தன்."

அவர் ரெஜினாவின் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அண்டைக்கு வாவிக்கரையில நான் சொன்னதையும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

"இதைப் பாத்த பிறகு அதையும் யோசிக்கத்தானே வேணும். இப்படிப்பட்ட ஆளோட நான் எப்படி ஒரே வீட்டில இருப்பன்?"

அவர் மெழுகுதிரியை ஊதி அணைத்தார். முகம் வெளிறிப் போய்விட்டது. நண்டுக் கறியைத் தொடாமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வயிறும் காந்தியது, மனமும் காந்தியது.

சுரூபத்தை எடுத்துவிட்டு வந்து நிற்பார் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு கிழமை போனது, மறு கிழமையும் போனது. பிளக் பெட்டி குறையாமல் அப்படியே இருந்தது. வாசலில் நிழல் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பேன். தூண்டில் முள் வாங்க வந்த ஆரோ நிற்பார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ, எரிந்து விழுவேன். வீட்டுக்குப் போய் அழுதேன். அழுதுகொண்டே மீன் வெட்டினேன். ஒரு சாந்துப் பொம்மையா மேர்லினா என்று வந்தபோது அந்த ஆள் பொம்மையைத்தான் தெரிந்துகொண்டார் என்பது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நீதிக்காக நின்றவள் இவ்வளவு தனியாகவா நிற்க வேண்டும் என்று ஆண்டவரிடமும் சண்டை பிடித்தேன்.

நத்தார்ப் பண்டிகை முடிந்து கடை தூங்கி வழிந்த ஒரு காலையில் டினுஷா வந்தாள். கையில் குடை, முகத்தில் சிரிப்பில்லை.

"உங்களோட கோவிக்க வரல்ல அன்ரி. ஒண்டு கேக்கத்தான் வந்த நான். அப்பா உங்களுக்கு என்ன பொய்ச் சத்தியம் பண்ணினவர்?"

"பொய்ச் சத்தியமா? ஆர் அப்படிச் சொன்ன?"

"நீங்கதான். இரண்டாம் கட்டளையை மீறிட்டீங்க எண்டு முகத்துக்கு நேரே சொன்னீங்களாம். அம்மாட படத்தையும் மெழுகுதிரியையும் பாத்திட்டுத்தான் சொன்னீங்க எண்டு அப்பா நினைக்கிறார். மனசில ஆரும் இல்ல எண்டு ஆண்டவர் பேரில சொன்னது பொய்யாப் போச்சுது, இனி எந்த முகத்தோட வாற எண்டு கேக்கிறார். ஒழுங்காச் சாப்பிடுறாரும் இல்ல."

"இஞ்ச பார் புள்ள. இரண்டாம் கட்டளை, சுரூபம் செய்யாதே, வணங்காதே எண்டது. சத்தியத்துக்கும் அதுக்கும் என்ன?"

டினுஷா விழித்தாள். "கடவுளின்ட பேரை வீணாச் சொல்லாதே எண்டதுதானே இரண்டாவது."

"அது மூண்டாவது."

"மூண்டாவது, ஞாயிற்றுக்கிழமையைப் பரிசுத்தமா வைச்சிருக்கிற."

"அது நாலாவது."

நானா நூல் கட்டைகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். நாங்கள் இருவரும் கண்ணாடி மேசையில் விரல்களை விரித்து வைத்து எண்ணினோம். அவளுக்கும் பத்து வந்தது, எனக்கும் பத்து வந்தது. ஆனால் ஒரே விரலில் ஒரே கட்டளை நிற்கவில்லை.

"சுரூபத்தைப் பத்தினது எங்கட முதலாவதுக்குள்ளயே அடங்கிக் கிடக்கு எண்டு பாதர் சொன்னவர்" என்றாள் டினுஷா. "கடைசியில ஆசைப்படாதே எண்டு வாறதை நாங்க ரெண்டாப் பிரிச்சுச் சொல்லுவம். அதால பத்து."

ஏழாவது விரலைத் தொட்டேன். எங்கள் கணக்கில் அது விபசாரம்.

"புள்ள, உங்கட ஏழாவது என்ன?"

"களவு எடுக்காதே."

"அப்ப அந்தப் பத்திநாதன் என்ன செய்தவர்?"

"அப்பாட ஸ்பெனர் செற்றை எடுத்து வித்துப்போட்டார். மறுகா வந்து அழுது மன்னிப்புக் கேட்டார். இப்ப திரும்ப எங்களிட்டத்தான் வேலை. ஏன் அன்ரி?"

நானாவுக்கு விளங்கிவிட்டது. சிரித்துச் சிரித்து இருமல் பிடித்துவிட்டது அவருக்கு. "இதுக்குத்தானா தங்கச்சி அந்த மனிசன்ட மூஞ்சியைப் பாக்காம மேசையில காசு வைச்ச நீங்க? அடக் கடவுளே. உங்கட ரெண்டு கோயிலும் கூடி முதல்ல நம்பரைச் சரி பண்ணுங்க. எங்களிட்டக் கேட்டா, சிலையும் வேணாம், சண்டையும் வேணாம், சாமானை விப்பம் எண்டு சொல்லுவம்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? வாகரை பஸ் வெளிக்கிடப் போகுது" என்றார்.

டினுஷாவுக்குச் சந்தையில் வேலை இருந்தது. நான் தனியாகத்தான் போனேன். பஸ் புறப்படும் வரைக்கும் பொறுக்க முடியாமல் எங்கள் போதகருக்குப் போனில் கோல் எடுத்தேன். அவருக்கு என் தம்பியின் வயதுதான். நடந்ததைச் சொன்னதும் அவரும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

"சிரிக்காதீங்க ஐயா. எந்த எண்ணிக்கை சரி?"

"ரெண்டும் பழசு அக்கா. ரெண்டுக்கும் நியாயம் இருக்கு. யூதருக்கு இன்னொரு எண்ணிக்கை. அவங்கட முதலாவதில செய், செய்யாதே எண்டு ஒண்டுமே இல்ல. அடிமை வீட்டில இருந்து உன்னை வெளியில கொண்டுவந்த உன்ட ஆண்டவர் நான் எண்டதுதான் முதலாவது. முதல்ல தான் ஆர், என்ன செய்தன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் மற்றதெல்லாம் சொல்லுறார்."

பஸ்ஸில் இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழைச்சேனை தாண்டும் வரைக்கும் போதகர் சொன்னதுதான் தலைக்குள் ஓடியது. நான் அந்த வீட்டுக்குப் போய் முதலாவதாகச் சொன்ன சொல்லே செய்யாதே என்பதுதான். அந்தச் சுரூபம் எங்கிருந்து வந்தது, ஏன் பாதி வெளுத்திருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பனிச்சங்கேணிப் பாலத்தில் உப்புக் காற்று முகத்தில் அடித்தபோது, என்னை வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் இதே பஸ்ஸில் எப்படித் திரும்பிப் போவேன் என்று பயம் பிடித்துக்கொண்டது.

படலையைத் திறந்தேன். ஹெக்டர் வாசலிலேயே நின்றார். மெலிந்திருந்தார். டினுஷா கோல் எடுத்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"உள்ளுக்கு வந்து பாருங்க" என்றார்.

சுவர் வெறுமையாக இருந்தது. தட்டில் ஒரு வட்டத் தடம், பக்கத்தில் படம் இருந்த சதுரத் தடம். கதவோரம் ஒரு நண்டுப் பெட்டிக்குள் துவாயால் சுற்றிய சுரூபம் கிடந்தது.

"படத்தை நீங்க போன அண்டைக்கே கழட்டினன். இவரை இப்பத்தான், டினுஷா சொன்ன உடனே. நாளைக்குப் பாதரிட்டக் குடுத்திருவன்."

நான் வென்றுவிட்டேன். வீட்டில் சுரூபம் இல்லை. இதைத்தானே கேட்டேன். ஆனால் அந்தத் தடங்களைப் பார்க்கச் சந்தோசம் வரவில்லை. கதிரையில் இருந்தேன்.

"இது எப்படி உங்களிட்ட வந்த?"

அவர் நிலத்தில் குந்தினார். "தண்ணி வத்தின பிறகு வந்து பாத்தன். வீடு இல்ல, நிலம் மட்டும். ரெஜினாவைத் தேடித் தேடித் தோண்டினன். அடுப்படி இருந்த இடத்தில உப்புச் சேத்துக்குள்ள இவர் பாதி புதைஞ்சு கிடந்தார். காணாமப் போனதைத் தேடித் தாறவர் எண்டு நாங்க சொல்லுவம். அவளை இவர் தேடித் தரல்ல, மேர்லின். எனக்கு அதில கோவம் இருந்த. எண்டாலும் இவருக்கு முன்னால நிண்டாத்தான் ஆண்டவரோட கதைக்க எனக்கு வாய் வந்த. வெறுஞ் சுவரைப் பாத்து எனக்குக் கதைக்க ஏலாது."

"நாங்க வெறுஞ் சுவரைப் பாத்துத்தான் கதைக்கிறம்" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. என் கணவர் போன புதிதில் அந்தச் சுவர் ஒன்றும் பேசாமல் நின்ற நாட்கள் எனக்கும் உண்டு.

"இவரை ஆராதிக்கிறீங்களா ஹெக்டர்? உண்மையைச் சொல்லுங்க."

"ஆராதனை ஆண்டவருக்கு மட்டும். இவருக்கு வணக்கம்."

"வணக்கம் எண்டா? கடைக்கு வாற ஆக்களுக்கு நான் சொல்லுறனே, அந்த வணக்கமா?"

யோசித்தார். "ஓம். கிட்டத்தட்ட அதுதான். ஆண்டவரிட்டப் போற வழியில நிக்கிற ஆளுக்குச் சொல்லுற."

அதில் என் மனச்சாட்சி முழுதாக அடங்கவில்லை. இன்றைக்கும் அடங்கவில்லை. ஆனால் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

ஹெக்டர் எழும்பி நண்டுப் பெட்டியைக் காலால் கதவுப் பக்கம் தள்ளினார். "எண்டாலும் இவர் போகட்டும். நீங்க வேணும் எனக்கு. உங்களுக்காக நான் எதையும் விடுவன். கோயிலுக்குப் போகாதீங்க எண்டாலும் நிப்பாட்டிருவன். இனி எனக்கு எல்லாம் நீங்கதான்."

உருகினேன். உருகாமல் இருக்க நான் என்ன கல்லா? அப்படி ஒரு சொல்லைக் கேட்டு எத்தனை காலம். ஆனால் உருகின கையோடு பயமும் வந்தது. சுவரைப் பார்த்தேன். அந்தத் தட்டு வெறுமையாக இல்லை. இந்த மனிதர் அந்தோனியாரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் என்னை ஏற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். என்னை. இலக்கம் மாறின ஒரு பாவத்துக்காக ஒரு மனிதனின் முகத்தைப் பார்க்காமல் மேசையில் காசு வைத்தவளை. அந்தோனியார் வழியில் நின்ற ஆள் என்றாவது அவருக்குத் தெரிந்திருந்தது. என்னோடு வழி முடிந்துவிட்டது என்கிறாரே.

"ஹெக்டர், உங்கட முதலாம் கட்டளை என்ன?"

"இதென்ன இப்ப?"

"சொல்லுங்க."

"என்னைத் தவிர வேறு கடவுள் உனக்கு இருக்கக்கூடாது எண்டது."

"எங்கடயும் அதுதான். அதில மட்டும் நம்பர் மாறல்ல." எழும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்றேன். "இரண்டாவதை நீங்க மீறினீங்களா இல்லையா எண்டு எனக்குத் தெரியாது. இப்ப சொன்ன சொல்லால முதலாவதை மீறுறீங்க. என்னை அந்தத் தட்டில ஏத்தாதீங்க. எனக்குக் கோவம் வரும், வாய் நீளும், வருத்தம் வரும், ஒருநாள் செத்தும் போவன். நீங்க ரெண்டாந் தரமும் சேத்துக்குள்ள நிண்டு தோண்டவா? ஆண்டவரை விட்டுப்போட்டு வாற ஆள் எனக்கு வேணாம். ஆண்டவரோட வாற ஆள்தான் வேணும்."

அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இவரை என்ன செய்யிற?" என்று கேட்டார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"துவாயைக் கழட்டுங்க முதல்ல. மூச்சு முட்டப் போகுது."

உயிர்த்த ஞாயிறு கழித்துக் கலியாணம் நடந்தது. பாதரும் எங்கள் போதகரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆசீர்வதித்தார்கள். கேக் துண்டைப் பத்திநாதனின் கையிலேயே வைத்துக் கொடுத்தேன், எல்லோருக்கும் கொடுத்ததைவிடப் பெரிய துண்டு. ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நானா வாகரைச் சந்தியில் ஒரு சின்னக் கிளையைத் திறந்து என்னை நிறுத்தினார். பிளக் இங்கே அவ்வளவாக விற்பனையாவதில்லை.

அந்தோனியார் எஞ்சின் கொட்டிலில் இருக்கிறார். ஹெக்டருக்கு அங்கே அவரோடு வேலை, எனக்கு இல்லை. நான் மெழுகுதிரி கொளுத்துவதில்லை, தூசு மட்டும் தட்டுவேன். முன் விறாந்தைச் சுவரில் ரெஜினாவின் படத்துக்கு நானே ஆணி அடித்தேன். மற்றபடி சுவர் வெறுமை. பின்னேரம் அதற்கு முன்னால் இரண்டு கதிரை போட்டுச் செபம் பண்ணுவோம். அவர் சிலுவை போடுவார், நான் போடமாட்டேன். ஆமென் இருவருக்கும் ஒன்றாகத்தான் வருகிறது. இப்போது அவருக்கும் வெறுஞ் சுவரைப் பார்த்து ஒன்றிரண்டு சொல் வருகிறது.

காலையில் கொட்டிலுக்குள் அவர் குரல் கேட்கும். "வணக்கம் அந்தோனியார்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்ப்பார். சில நாட்களில் அந்தப் பார்வை தேவைக்கு மேலே கொஞ்சம் நீண்டுவிடும்.

"வணக்கம் மேர்லின்."

"வணக்கத்தோட நிப்பாட்டுங்க" என்பேன். "ஆராதனை ஞாயிற்றுக்கிழமை."

சிரித்துக்கொண்டே தேத்தண்ணியை வாங்கிக்கொள்வார்.